நல்லுணவும் அளவுணவும்



பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. எனினும் ஒரு செய்தி மனத்தில் தைத்துவிட்டால் அதனைப் பாடக் குறிப்பாக எழுதிப் பார்க்கும் பழக்கம் எம்மை விட்டு நீங்கவில்லை. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எமக்குக் கற்பித்த முறையும் அதுவே. முதலில் ஆயத்தம்; பின்னர் நோக்கம்; அதன்பின் பாடப்பொருள்; இறுதியில் தொகுப்பும் பயிற்சியும். இக்கட்டுரையையும் அம்முறையிலேயே அமைத்துள்ளோம். அடுக்களையில் நிற்போரும், அடுக்களையிலிருந்து வருவதை உண்போரும் ஒருங்கே படிக்க வேண்டிய பாடம் இது.

ஆயத்தம்

எம் தங்கை வந்தவாசிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் மகனோடும் மருமகளோடும் வாழ்கிறாள். அகவை அறுபத்தாறு. இரண்டாண்டுகளுக்கு முன்பு அவளுக்கு முழங்கால் வலி மிகுந்தது. இரத்தத்தில் சர்க்கரையும் எல்லைக் கோட்டைத் தொட்டு நின்றது. “எடையில் ஐந்து கிலோவைக் குறையுங்கள், பாதி நோய் போய்விடும்” என்றார் மருத்துவர். தங்கை மனவுறுதி உடையவள். அன்றே காலை இட்லியை நிறுத்தினாள். மாலை வடையை நிறுத்தினாள். காப்பியில் சர்க்கரையை நிறுத்தினாள். பகலவன் மறையுமுன் உண்ணும் உணவில் ஒரு கரண்டிச் சோற்றையும் குறைத்தாள். அவற்றுக்கு மாற்றாக, உடலுக்கு நல்லவை என்று ஊரார் புகழும் உணவுகளை மேற்கொண்டாள்.

ஆறு திங்கள் கழிந்தன. அறுபத்தெட்டு கிலோவாக இருந்த எடை எழுபத்தொன்றாயிற்று. மருத்துவர் எடைப் பொறியை நோக்கினார்; பிறகு தங்கையை நோக்கினார். “வீட்டாருக்குத் தெரியாமல் எதையோ சாப்பிடுகிறீர்கள், அம்மா” என்று மகன் முன்னிலையிலேயே கூறிவிட்டார். அவர் அதனைக் கடிந்து கூறவில்லை; சிரித்துக்கொண்டேதான் கூறினார். ஆனால் அச்சொல் வீட்டுக்குள் புகுந்து தங்கிவிட்டது. பலகார டப்பாக்கள் மேல்தட்டுக்கு ஏறின. தங்கை அடுக்களைக்குள் சென்றால் பின்னாலேயே ஒருவர் தண்ணீர் குடிக்கச் செல்வார்.

அவ்வேளையில் யாம் அங்குப் பத்து நாள் தங்கச் சென்றிருந்தோம். உண்மையை மறைக்காமல் எழுதுகிறோம். யாமும் ஐயுற்றோம். முறுக்கு டப்பாவை இறக்கி எண்ணிப் பார்த்தோம், பதினேழு இருந்தன. மறுநாளும் எண்ணினோம், பதினேழே இருந்தன. மூன்றாம் நாள் எண்ணிக்கொண்டிருக்கையில் தங்கை வாயிலில் நின்றிருந்தாள். “நீயுமா அக்கா எண்ணுகிறாய்?” என்று கேட்டாள். அழவில்லை, அக்கேள்வியோடு திரும்பிச் சென்றுவிட்டாள்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பித்த எமக்கு அன்று இரவு உறக்கம் வரவில்லை. எண்ணியது தவறன்று, எண்ண வேண்டாத பொருளை எண்ணியதே தவறு என்பது விடியுமுன் விளங்கிற்று. அவள் மறைவாக உண்டதைத் தேடினோம். எல்லார் கண்முன்னும் அவள் உண்டதை ஒருவரும் கணக்கிடவில்லை. மறுநாள் காலை வந்தவாசிக் கடைத்தெருவில் சிறிய மின்னணுத் தராசு ஒன்று வாங்கினோம். ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு தங்கையின் அருகில் அமர்ந்தோம். இப்பாடம் அக்குறிப்பேட்டில் பிறந்தது.

பாடத்தின் நோக்கம்

ஓர் உணவு நல்லதா என்பது ஒரு வினா. அஃது எவ்வளவு ஆற்றலைத் தருகிறது என்பது வேறொரு வினா. முதல் வினாவின் விடையைக் கொண்டு இரண்டாவதற்கும் விடையளித்துவிடுகிறோம். நல்லது என்றால் குறைவானது என்று மனம் தானாகவே எண்ணிக்கொள்கிறது. அவ்விரு வினாக்களையும் பிரித்து அறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

இந்நாளில் இதன் தேவை மிகப் பெரிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2023 ஆம் ஆண்டில் வெளிவந்தது. நீரிழிவு உடையோர் பத்துக் கோடிக்கு மேல் என்றும், அதன் வாயிலில் நிற்போர் 13 கோடிக்கு மேல் என்றும் அது கணித்தது. நம் ஒவ்வொருவர் வீட்டிலும் உணவை மாற்றிக்கொள்ள வேண்டியவர் ஒருவரேனும் இருப்பார்.

கலோரி என்பது யாது?

ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு செல்சியஸ் பாகை உயர்த்துவதற்கு வேண்டும் வெப்பம் ஒரு கிலோகலோரி எனப்படும். உணவைப் பற்றிப் பேசுங்கால் இதனையே சுருக்கமாகக் கலோரி என்கிறோம். விறகு எரிந்து வெப்பம் தருவது போல உணவும் உடலில் மெல்ல எரிந்து ஆற்றல் தருகிறது. செலவுக்கு மிஞ்சிய ஆற்றல் கொழுப்பாகச் சேமிக்கப்படுகிறது.

அமெரிக்க நாட்டு அறிஞர் வில்பர் அட்வாட்டர் 1890களில் இதனை விரிவாக ஆராய்ந்தார். மனிதரை ஒரு சிற்றறையில் தங்கச் செய்து, அவர் உண்ட உணவையும் வெளியிட்ட வெப்பத்தையும் அளந்தார். அவர் வகுத்த எளிய வாய்பாடு இன்றும் வழக்கில் உள்ளது. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி. புரதம் ஒரு கிராமுக்கு 4 கலோரி. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி. நீருக்கு ஒன்றும் இல்லை. இந்த வாய்பாட்டை மனத்தில் இருத்துங்கள். பாடம் முழுவதற்கும் இதுவே திறவுகோல்.

நம் நாட்டு உணவுகளை ஆராய்ந்து அட்டவணை தந்த பெருமை தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சாரும். இன்று ஐதராபாத்தில் உள்ள அந்நிறுவனம் தமிழ்நாட்டில் பிறந்தது என்பதைப் பலர் அறியார். 1918 ஆம் ஆண்டில் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்வதற்குத் தொடங்கிய சிறு ஆய்வகமே அதன் வித்து. 1958 இல் அஃது ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. அந்நிறுவனம் தந்து, பல்லாண்டுகளாகப் பாடநூல்களில் பயின்று வரும் அட்டவணையிலிருந்து சில எண்களைச் சுருக்கித் தருகிறோம். 2017 இல் வெளிவந்த புதிய அட்டவணையில் இவை சற்றுக் கூடியும் குறைந்தும் காணப்படும். ஆயினும் பாடத்தின் கருத்து மாறாது.

100 கிராம் உணவில் உள்ள கலோரி (ஏறக்குறைய)

வெள்ளரிக்காய் – 13
மோர் – 15
திராட்சைப் பழம் – 70
பசும்பால் – 70
எருமைப்பால் – 120
வாழைப்பழம் – 120
உலர் திராட்சை – 310
பேரீச்சை (உலர்ந்தது) – 320
கேழ்வரகு – 330
அரிசி – 350
கோதுமை – 350
பொட்டுக்கடலை – 370
வெல்லம் – 380
சர்க்கரை – 400
எள் – 560
வேர்க்கடலை – 570
முந்திரிப்பருப்பு – 600
பாதாம் – 660
எண்ணெய், நெய் – 900

அட்டவணையை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துவிட்டு, “உடம்புக்கு நல்லது” என்று நாம் சொல்லும் பொருள்கள் எப்பகுதியில் உள்ளன என்று பாருங்கள். சில மேலே உள்ளன. பல கீழே உள்ளன. நன்மையும் கலோரியும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை அல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஒரு தென்னை, நான்கு படிகள்

உணவில் ஆற்றல் எவ்வாறு செறிகிறது என்பதற்கு நம் கொல்லையில் நிற்கும் தென்னையே நல்ல ஆசான். இளநீரில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 24 கலோரி. அதே காய் முற்றினால் அதன் பருப்பில் 440 கலோரி. அப்பருப்பு காய்ந்து கொப்பரையானால் 660. கொப்பரையைச் செக்கில் ஆட்டினால் வரும் எண்ணெயில் 900. மரம் ஒன்று, குலை ஒன்று, ஆற்றலோ முதற்படியிலிருந்து நான்காம் படிக்கு முப்பத்தேழு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது.

இங்கே நிகழ்ந்தவை இரண்டு. ஒன்று, நீர் நீங்கியது. மற்றொன்று, கொழுப்புச் சேர்ந்தது. அவ்விரண்டனுள் ஒன்று நேர்ந்தாலே உணவு சிறுத்துக் கலோரி பெருகும்.

திராட்சையைப் பாருங்கள். அதில் கொழுப்பு இல்லை. ஆயினும் நீர் வற்றி உலர் திராட்சையானதும் 70 என்பது 310 ஆகிறது. 100 கிராம் உலர் திராட்சை உண்பவர் 440 கிராம் திராட்சைப் பழத்தின் ஆற்றலை உண்கிறார். ஒரு பெரிய குலையைத் தட்டில் வைத்தால் பாதியில் கை நின்றுவிடும். உலர்ந்ததை உண்ணும்போது கை நிற்பதில்லை, வயிறும் நிறைவதில்லை. வயிறு நிறைந்தது என்று நாம் உணர்வதற்கு உணவின் பருமன் ஒரு காரணம். நீரும் நாரும் நீங்கிய உணவில் அப்பருமன் இல்லை.

பழச்சாற்றில் நேர்வது வேறு வகை. அங்கே நீர் இருக்கிறது; நார் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. ஒரு குவளைச் சாற்றுக்கு மூன்று நான்கு ஆரஞ்சுப் பழங்கள் வேண்டும. அத்தனையையும் ஒரே இருப்பில் உரித்துத் தின்போர் அரியர், குடிப்போர் பலர். பழத்தைப் பழமாக உண்பதே சிறந்தது என்று பெரியோர் கூறுவது இதனாற்றான்.

இனிப்பின் மறுபெயர்கள்

நம் இல்லங்களில் தேன் புகுவதில்லை. எனவே சர்க்கரையை நீக்கியவர்கள் வெல்லத்தையும் பனைவெல்லத்தையும் பேரீச்சையையும் நாடுகிறார்கள். “நான் சர்க்கரையைத் தொடுவதே இல்லை, எல்லாம் வெல்லந்தான்” என்று பெருமிதத்தோடு கூறுவோரைத் திருமண வீடுகளில் காண்கிறோம். அட்டவணையை மீண்டும் நோக்குங்கள். சர்க்கரை 400, வெல்லம் 380. வேற்றுமை நூற்றுக்கு ஐந்து பங்கு. வெல்லத்தில் சிறிதளவு தாது உப்புகள் உண்டு என்பது மெய். ஆனால் வெல்லம் சர்க்கரையை விட இனிப்பில் சற்றுக் குறைந்தது. ஆதலால் ஒரு கரண்டி சர்க்கரை இட்ட கை வெல்லத்தை ஒன்றரைக் கரண்டி இடுகிறது. இலாபம் எங்கே?

உலக நலவாழ்வு அமைப்பு 2015 ஆம் ஆண்டில் ஒரு வரம்பு கூறியது. உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையின் ஆற்றல், நாளின் மொத்த ஆற்றலில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாக இருத்தல் வேண்டும். ஐந்துக்கும் குறைவாயின் மேலும் நன்று என்பதே அது. வெல்லமும் பழச்சாற்றின் இனிப்பும் இக்கணக்கில் சேரும். முழுப் பழத்தின் இனிப்புச் சேராது. நாளொன்றுக்கு 1500 கலோரி உண்ணும் முதியவருக்கு நூற்றுக்கு ஐந்து என்பது 75 கலோரி. அதாவது 19 கிராம் சர்க்கரை. நான்கு தேக்கரண்டிக்கு உட்பட்டதே அது.

சிறுதானியமும் சத்துமாவும்

2023 ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதன்பின் மறைந்துபோன சாமையும் வரகும் தினையும் நம் அடுக்களைக்கு மீண்டும் வந்துள்ளன. மகிழ்ச்சி. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது பத்து மில்லிகிராம் அளவே. நார்ச்சத்தும் கேழ்வரகில் மிகுதி. எனவே அரிசியின் இடத்தில் கேழ்வரகு வருவது நலமே. ஆனால் ஆற்றலில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அரிசிச் சோறு ஒரு கிண்ணம் உண்டவர், சாமைச் சோறாயிற்றே என்று இரண்டு கிண்ணம் உண்டால் எடை ஏறாமல் என் செய்யும்?

சத்துமாவின் கதை மேலும் சிந்தனைக்குரியது. அங்கன்வாடி மையங்களில் குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்க்கும் சத்துமாவு வழங்கப்படுகிறது. எதற்காக? எடை குறைந்த பிள்ளை எடை ஏறுவதற்காக. சிறிய வயிற்றில் சிறிதளவு உணவாலேயே மிகுந்த ஆற்றல் சேர்வதற்காக. அந்த நோக்கத்துக்கு ஏற்ப, தானியத்தையும் பருப்பையும் வறுத்து அரைத்துச் செறிவாகச் செய்யப்படும் உணவு அது. கடையில் விற்கும் மாவுகளிலும், வீட்டில் நாம் அரைப்பனவற்றிலும் முந்திரியும் பாதாமும் சேர்கின்றன. பிள்ளையின் எடையை ஏற்றுவதற்கு அமைந்த உணவை, எடையைக் குறைக்க விரும்பும் பாட்டி பாலும் வெல்லமும் இட்டு நாள்தோறும் பருகுகிறாள். உணவின் மேல் குற்றம் இல்லை. அஃது யாருக்காக அமைந்தது என்று நாம் கேட்கவில்லை.

எண்ணெயும் உறையின் மேல் எழுத்தும்

எண்ணெய் உறைகளில் “கொலஸ்டிரால் அற்றது” என்று பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். கொலஸ்டிரால் விலங்குவழி உணவுகளில் இருப்பது; கடலையிலும் எள்ளிலும் சூரியகாந்தியிலும் அது கருதத்தக்க அளவில் இயல்பாகவே கிடையாது. ஆகவே அவ்வாசகம் பொய்யன்று. அதனால் நமக்குப் புதிதாகக் கிடைத்த நலமும் ஒன்றில்லை. செக்கில் ஆட்டியதாயினும், ஆலையில் ஆட்டியதாயினும், விலை உயர்ந்ததாயினும் ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரியே. ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 40 கலோரி. நாலைந்து கரண்டி கூடுதலாகச் சேர்ந்தால் மூன்று இட்லியின் ஆற்றல் கண்ணுக்குத் தெரியாமல் குழம்புக்குள் கரைந்துவிடுகிறது.

உறையிட்ட தின்பண்டம் வாங்கும்போது முன்புறப் படத்தையும் புகழ்மொழியையும் விட்டுவிட்டுப் பின்புறச் சிறிய எழுத்தைப் படியுங்கள். மூன்று செய்திகளைத் தேடுங்கள்: 100 கிராமுக்கு எத்தனை கலோரி, உறையின் மொத்த எடை எவ்வளவு, ஒருமுறை உண்பதற்கென்று அவர்கள் குறித்திருக்கும் அளவு எவ்வளவு. மூன்றாவது எண் பெரும்பாலும் நாம் உண்பதை விடச் சிறியதாக இருக்கும். கோதுமை, ஓட்ஸ், சிறுதானியம் என்று பெயர் தாங்கிய பிஸ்கட்டுகளிலும் மாவோடு கொழுப்பும் சர்க்கரையும் உண்டு என்பதை அப்போது காண்பீர்கள். கண்ணாடியை எடுத்துச் செல்ல மறவாதீர்கள்; அவ்வெழுத்து முதியோர்க்காக அச்சிடப்பட்டதன்று.

தங்கையின் கணக்கு

இனி அக்குறிப்பேட்டைத் திறப்போம். தங்கை உண்டது யாவும் தராசில் ஏறியது. அவள் கைவிட்டவற்றை இடப்பக்கத்திலும், புதிதாக மேற்கொண்டவற்றை வலப்பக்கத்திலும் எழுதினோம்.

கைவிட்டவை: இட்லி மூன்று, 180 கலோரி, அதற்குத் தொட்டுக்கொண்ட சட்டினி, 60, வடை ஒன்று, 100, காப்பியில் இட்ட சர்க்கரை 20 கிராம், 80, ஒரு கரண்டிச் சோறு, 150. ஆக 570.

மேற்கொண்டவை: காலையில் சத்துமாவுக் கஞ்சி. மாவு 40 கிராம், 150. எருமைப்பால் 100 மில்லி, 120. வெல்லம் 15 கிராம், 60. முற்பகலில் பேரீச்சை நான்கு, 100. மாலையில் எங்கள் பக்கத்தில் மணிலா என்று வழங்கும் வேர்க்கடலை வறுத்தது ஒரு பெரிய கைப்பிடி, 40 கிராம், 230. பகலவன் மறைந்தபின் உண்பதில்லையாதலால், மாலை உணவோடு எலும்புக்கு வலிவாகட்டும் என்று எள்ளுருண்டை ஒன்று, 120. ஆக 780.

தங்கை நாள்தோறும் 570 கலோரியைத் துறந்தாள். அது மெய்யான துறவு. நாவின் விருப்பத்தை வென்ற துறவு. ஆனால் 780 கலோரியை ஏற்றாள். மிச்சம் 210. இதில் மறைவு எங்கே? களவு எங்கே? வேர்க்கடலை நடுக்கூடத்தில், எல்லார் கண்முன்னும் திறந்த கிண்ணத்தில் இருந்தது. முறுக்கு டப்பாவை மேல்தட்டில் ஏற்றியவர்களே அந்தக் கிண்ணத்தை நாள்தோறும் அன்போடு நிரப்பியும் வந்தார்கள்.

உடற்கொழுப்பு ஒரு கிலோ என்பது ஏறக்குறைய 7700 கலோரி. நாளொன்றுக்கு 210 வீதம் 180 நாளில் 37,800, வகுத்தால் 4.9 கிலோ. தங்கைக்கு ஏறியதோ மூன்று கிலோ. வேற்றுமை ஏன் என்று கூர்மையான மாணவர் கேட்பர். உடல், பள்ளிக் கணக்கைப் போல நேர்கோட்டில் செல்வதன்று. எடை ஏற ஏற, அவ்வுடலைத் தாங்கும் செலவும் ஏறுகிறது. அன்றியும் முழுப் பருப்புகளில் உள்ள கொழுப்பு முழுவதையும் குடல் ஏற்பதில்லை. பாதாமை ஆராய்ந்த அமெரிக்க வேளாண் துறையினர், வாய்பாடு காட்டுவதை விட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்த ஆற்றலையே உடல் பெறுகிறது என்று 2012 ஆம் ஆண்டில் கண்டனர். ஆகவே கலோரிக் கணக்கை வழிகாட்டியாகக் கொள்ளுங்கள், தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள்.

உட்கார்ந்த நிலையில் வேலை செய்யும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1660 கலோரி போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 இல் வகுத்தது. முதுமையில் தேவை இன்னும் குறையும். ஆதலால் 210 என்பது சிறிய எண் அன்று. எட்டில் ஒரு பங்கு அது.

மறுபக்கம்

இதுவரை படித்தவர்கள் வேர்க்கடலைக் கிண்ணத்தையும் மேல்தட்டுக்கு ஏற்றிவிடக் கூடாது. அவ்வாறு செய்தால் யாம் கற்பித்தது பிழையாக விளங்கிற்று என்றே பொருள். ஊனுணவு கொள்ளாத நமக்குப் பருப்பும் கடலையும் எள்ளும் புரதத்தின் ஊற்றுகள். ஸ்பெயின் நாட்டில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், அந்நாட்டு மரபுணவோடு நாள்தோறும் 30 கிராம் கொட்டைப் பருப்புகளை உண்டவர்க்கு மாரடைப்பு, பக்கவாதம் முதலியன குறைந்தன என்று தெரிய வந்தது. அம்முடிவு 2013 இல் வெளிவந்து, திருத்தங்களோடு 2018 இல் மீண்டும் வெளியாயிற்று. அங்கும் அளவு உண்டு என்பதைக் கவனியுங்கள்: முப்பது கிராம்.

மேலும், ஒருவர்க்கு மிகையாவது மற்றொருவர்க்கு அமுதம். எலும்பு தெரியும் பிள்ளைக்கும், பாலூட்டும் தாய்க்கும், நோயுற்று மெலிந்த முதியவர்க்கும் எள்ளுருண்டையும் சத்துமாவும் கடலையும் வேண்டும். வளரும் பெண் பிள்ளைகள் எடை ஏறும் என்று அஞ்சி உணவைத் துறப்பது பெருங்கேடு. அவர்கள் கையில் இவ்வட்டவணையைக் கொடுத்து அச்சுறுத்த வேண்டா. நோய்க்கு மருந்து உண்போர், குறிப்பாக நீரிழிவுக்கு மருந்து கொள்வோர், மருத்துவரைக் கேளாமல் உணவைத் திடீரெனக் குறைத்தலும் ஆகாது.

தங்கை எந்த உணவையும் அடியோடு விடவில்லை, அளவையே மாற்றினாள். கஞ்சிக்கு மாவு 25 கிராம் ஆயிற்று. பாலும் வெல்லமும் போய் மோரும் உப்பும் வந்தன. பேரீச்சை இரண்டாயிற்று. கடலை 20 கிராம், உப்பு நீரில் அவித்தது. அதனோடு ஒரு வெள்ளரிக்காய். எள்ளுருண்டை வாரத்துக்கு ஒருமுறை. 780 என்பது 300 அளவில் வந்து நின்றது. மாலையில் கால் நோகாத அளவு நடந்தாள். எட்டுத் திங்களில் எழுபத்தொன்று அறுபத்தாறாயிற்று.

அறநூல் காட்டும் அளவு

வள்ளுவர் ‘மருந்து’ என்று பெயரிட்ட அதிகாரத்தில் மூலிகை எதனையும் கூறவில்லை. முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதையே வலியுறுத்துகிறார். தத்துவார்த்த சூத்திரம் புறத்தவம் ஆறனுள் உண்ணாமையை அடுத்து அவமோதரியத்தை வைக்கிறது. வயிறு நிறையும் அளவுக்குக் குறைவாக உண்டல் என்பது அதன் பொருள். அதே வரிசையில் இரசபரித்தியாகமும் வருகிறது. பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு என்னும் ஆறனுள் இயன்றதை விடுதல் அது. தவத்தின் நோக்கம் வினை நீக்கமே அன்றி எடை நீக்கம் அன்று. இரண்டையும் ஒன்றாக்குதல் முறையாகாது. எனினும் ஒன்று கூறலாம். உணவின் வகையை மட்டும் பார்த்து நிறைவடையாமல் அதன் அளவையும் பார்க்க வேண்டும் என்பதை நம் முன்னோர் தனித்தனியே பெயரிட்டு வைத்தார்கள். வகையில் விழிப்பாக இருக்கும் நாம் அளவில் அயர்ந்துவிட்டோம்.

தொகுப்பு

1. நல்ல உணவு என்பது வேறு. குறைந்த ஆற்றல் உள்ள உணவு என்பது வேறு.
2. நீர் நீங்கினாலும் கொழுப்புச் சேர்ந்தாலும் உணவில் ஆற்றல் செறியும்.
3. வெல்லமும் பனைவெல்லமும் ஆற்றலில் சர்க்கரைக்கு அண்மையன.
4. சிறுதானியத்தின் சிறப்பு நாரிலும் தாதுவிலும் உள்ளது. கலோரிக் குறைவில் இல்லை.
5. ‘ஒரு கைப்பிடி’ என்பது அளவன்று. ஒருமுறையேனும் தராசில் இட்டுப் பாருங்கள்.
6. எடை குறையாதவர் மீது ஐயம் கொள்ளுமுன் அவர் உண்பதை அவரோடு அமர்ந்து கணக்கிடுங்கள்.

பயிற்சி

1. முந்திரிப்பருப்பு 25 கிராமில் எத்தனை கலோரி?
2. நால்வர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் எண்ணெய் செலவாகிறது. ஒரு லிட்டர் 900 கிராம் எனக் கொண்டால், ஒருவர்க்கு நாளொன்றுக்கு எண்ணெய் எவ்வளவு? கலோரி எவ்வளவு?
3. ஓர் உறையின் மேல் “100 கிராமுக்கு 480 கலோரி” என்றுள்ளது. உறையின் எடை 75 கிராம். முழுவதையும் உண்டவர் பெறும் கலோரி எத்தனை?
4. உங்கள் வீட்டில் மூடியிட்டு மறைத்துள்ள உணவு எது? திறந்து வைத்துள்ள உணவு எது? இரண்டையும் நிறுத்து எழுதுக.

விடைகள்: (1) 150. (2) 30 கிராம், 270 கலோரி. (3) 360. (4) இதன் விடை உங்கள் அடுக்களையில் உள்ளது.

இறுதியாக ஒரு செய்தி. கணக்கு முடிந்த அன்று குறிப்பேட்டை மருமகளிடம் கொடுத்தோம். அவள் இருமுறை படித்தாள். ஒன்றும் கூறவில்லை. மாலையில் அடுக்களைக்குச் சென்றபோது பலகார டப்பாக்கள் யாவும் கீழ்த்தட்டில் பழைய இடத்தில் இருந்தன. மறுமுறை மருத்துவரிடம் சென்றபோது மகன் அக்குறிப்பேட்டையும் கொண்டு சென்றான். அவர் பொறுமையாகப் பார்த்து, “நான் அன்று அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, அம்மா” என்றாராம். தங்கையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் இன்னும் ஒருவர் இருந்தார். பதினேழு முறுக்குகளை மூன்று நாள் எண்ணிய அவர், அதனை நேரில் கேட்டுவிட்டார். இப்போது எழுத்திலும் கேட்கிறார்.

அளவறிந்து உண்போம், அன்பறிந்து வாழ்வோம்.